சில்வர் மரத்தில் அம்மா கட்டிய கம்பி

எங்கள் வீட்டில் அம்மாவை முதலில் சந்தேகப்பட்டது நான்தான். அப்பா எனக்கு அடுத்துத்தான் வந்தார். ஆனால் அவர் பெரியவர் என்பதால் அவருடைய சந்தேகத்துக்குத்தான் வீட்டில் மரியாதை கிடைத்தது.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. சேலத்தில் அப்பா கணக்கு எழுதிக்கொண்டிருந்த கம்பெனியை மூடிவிட்டார்கள். நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் அவருக்கு ரைட்டர் வேலை கிடைத்து, நாங்கள் சாமான்களோடு மலையேறினோம். ரைட்டர் என்றால் வேலைக்கு வந்தவர்களின் பெயரை எழுத வேண்டும், பறித்த பழத்தை எடை போட வேண்டும், மூட்டைக்குள் இலையும் கல்லும் கலந்திருக்கிறதா என்று கையைவிட்டுத் துழாவிப் பார்க்க வேண்டும். காலையிலிருந்து மாலைவரை எல்லாரையும் சந்தேகப்படுவதற்கு அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அப்பா வாங்கிய சம்பளத்துக்கு உண்மையாக உழைப்பவர்.

எஸ்டேட்டில் கொடுத்த வீடு ரோட்டுக்கு மேலே தனியாக இருந்தது. வீட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என காப்பிச் செடிக்கு நிழலுக்காக நடுகிற சில்வர் மரங்கள் இரண்டு மிளகுக் கொடி சுற்றிக்கொண்டு நின்றன. கீழே ரோட்டோரத்தில் ஒரு மளிகைக் கடை. சாமான் இறக்கிய அன்று, பாத்திர மூட்டைகளுக்கு நடுவில் நான் அதுவரை பார்த்திராத ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. இட்லிக் குண்டானாக இருக்கும் என்று நினைத்தேன். அம்மா அதை மட்டும் லாரிக்காரர் கையில் கொடுக்காமல் தன் இடுப்பில் வைத்துத் தூக்கி வந்தாள். இட்லிக் குண்டானை யாரும் குழந்தையைப்போல் தூக்க மாட்டார்கள். என் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது.

பெட்டிக்குள் இருந்தது ஒரு ரேடியோ. பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை; நாமும் பேசுகிற ஹாம் ரேடியோ. அம்மா பாலிடெக்னிக்கில் படித்த காலத்தில் அதற்கென்று தனியாகப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு குடியிருந்த சேலத்து வீட்டில், மொட்டை மாடியில் துணிக்கொடி கட்டுவதற்கே வீட்டுக்காரர் முகத்தைச் சுளிப்பார். ஆகவே ரேடியோ பரணுக்குப் போயிற்று. இங்கே உயரம் இருந்தது, மரம் இருந்தது, முகம் சுளிக்க ஆள் இல்லை. அம்மா கேட்டபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டே, "டிவி தெரியாமப் போயிராதில்ல?" என்றார். அதைச் சம்மதம் என்று அம்மா எடுத்துக்கொண்டாள். வீடு மாறியதை லைசென்ஸ் கொடுத்த தில்லி ஆபீஸுக்கு எழுதிப்போட்டு, அங்கிருந்து பதில் வரும்வரை அவள் ரேடியோவைத் தொடவில்லை. அத்தனை பொறுமையும் எனக்கு நல்லதாகப் படவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நைட்டிக்கு மேலே துண்டைப் போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டு அம்மா வாசலில் நின்றாள். நைலான் கயிற்றின் முனையில் ஒரு கல்லைக் கட்டி, சுழற்றி, சில்வர் மரத்தின் உச்சிக் கிளையைப் பார்த்து வீசினாள். அம்மா எதையாவது வீசி நான் பார்த்ததே இல்லை. முதல் கல் கிளையைத் தாண்டி, சரிவில் இறங்கி, மளிகைக் கடையின் தகரக் கூரையில் போய் விழுந்தது. கடைக்கார அண்ணன் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். குரங்கு என்று நினைத்துக் கம்போடு ஓடிவந்தவர், அம்மாவைப் பார்த்ததும் கம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"ஏனுங்க அக்கா, டவருங்களா?"

"இல்லீங்க, ரேடியோ."

"பாட்டு வருமுங்களா?"

"பாட்டு வராதுங்க. பேசலாம்."

"யாருகூடங்க?"

அம்மா இரண்டாவது கல்லைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "யாரு பதில் சொல்றாங்களோ அவங்ககூட."

சொன்ன அம்மாவுக்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஒரு வரி மாலை பஸ் வருவதற்குள் நாகலூர் முழுக்கச் சுற்றி வந்துவிட்டது. யார் பதில் சொன்னாலும் ரைட்டர் சம்சாரம் பேசுமாம். மேல்காட்டு விவசாயிகளுக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. கையிலே போன் வைத்திருக்கிறவர்கள் இத்தனை நீளக் கம்பியை எதற்கு இழுக்க வேண்டும்? நிலத்தை அளக்கிறார்களோ, யாராவது ரிசார்ட்காரருக்கு உளவு பார்க்கிறார்களோ என்று மூன்று பேர் கூடி வந்து வாசலில் நின்றார்கள். அம்மா டீ கொடுத்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த லைசென்ஸைக் காட்டினாள். அதில் அரசாங்க முத்திரை இருந்தது. அதைப் பார்த்தபின் அவர்கள் சந்தேகம் தீர்ந்து உறுதியாகிவிட்டது. டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். பலாப்பழம் பழுக்கும் பருவமாக இருந்தும், அந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு ஒரு சுளைகூட வரவில்லை.

இரண்டு மரத்துக்கும் நடுவே வீட்டுக் கூரைக்கு மேலாகச் செப்புக் கம்பி ஏறியது. அதன் நடுவிலிருந்து கறுப்புக் கேபிள் ஒன்று இறங்கி ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. மேசைக்குக் கீழே ஒரு பழைய டிராக்டர் பேட்டரி. அம்மா ஈயம் பற்றவைத்தபோது ஹாலெல்லாம் ஒரு புகைவாடை. சமையல் செய்கிற அதே கைதான், ஆனால் இந்த வேலையில் அது வேறு மாதிரி அசைந்தது. சுவிட்சைப் போட்டதும் முதலில் மழை கொட்டுவதுபோல் இரைச்சல். அம்மா குமிழை மெதுவாகத் திருகினாள். இரைச்சலுக்குள் ஒரு வாத்து கத்தியது. இன்னும் கொஞ்சம் திருக, வாத்து ஓர் ஆணாக மாறித் தெளிவான தமிழில் பேசியது.

அதற்குப் பிறகு நான் கவனித்தவை எல்லாம் கவலைக்குரியவையாகவே இருந்தன. அம்மா மத்தியான வேலை முடிந்ததும் தலையை வாரிப் பொட்டு வைத்துக்கொண்டு ரேடியோ முன்னால் உட்கார்ந்தாள். முகம் தெரியாத ரேடியோவுக்கு எதற்குத் தலை வார வேண்டும்? பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, வாசலுக்கு முன்பே அவள் சிரிப்புக் கேட்டது. அது எங்களோடு சிரிக்கிற சிரிப்பு இல்லை. ஒருநாள் திண்டுக்கல்லிலிருந்து பேசிய ஓர் ஆள், ஒரு பெண்பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். தப்பான ஆளைக் கூப்பிடுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அம்மா, "சொல்லுங்க, கேக்குது" என்றாள். எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பா 'இந்தா' என்பார், கடைக்கார அண்ணன் 'அக்கா' என்பார். அம்மாவுக்கு வேறு பெயர் இருக்கிறதென்றால் வேறு வீடும் இருக்கலாம், அங்கே வேறு பிள்ளைகளும் இருக்கலாம்.

அப்படித்தான் நான் ஜன்னலுக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து கேட்கத் தொடங்கினேன். ஒரு சாயங்காலம் அப்படி உட்கார்ந்திருந்தபோது வீட்டின் மறுபக்கத்திலிருந்து யாரோ மூச்சு வாங்குகிற சத்தம் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, மூலையில் திரும்பி வந்தது அப்பா.

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"இங்க என்ன சாமி பண்ற?" என்றார், உதடு மட்டும் அசைய.

"நீங்க என்னங்கப்பா பண்றீங்க?"

அப்பா வாயில் விரலை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருடைய பைக் சத்தம் கேட்காதது எப்படி என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. கடைக்குக் கீழேயுள்ள வளைவிலேயே எஞ்சினை அணைத்துவிட்டு, ஏற்றத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார்.

உள்ளே திண்டுக்கல்காரர் பேசிக்கொண்டிருந்தார். "இங்க வெயில் கொளுத்துது. அங்க எப்படி? ஓவர்."

"காலையிலருந்து ஒரே பனிமூட்டம். துவைச்ச துணி காயவே இல்லை. கம்பி வேற கொஞ்சம் தொய்ஞ்சு போச்சு. ஓவர்."

"நீளத்துல அரை அடி குறைச்சுப் பாருங்களேன்."

"குறைச்சுட்டு அப்புறம் சேக்க முடியாதே!" என்று அம்மா சிரித்தாள்.

அப்பா என்னைப் பார்த்தார். துணி காயவில்லை என்பதைத் திண்டுக்கல்வரை ஒருத்தி சொல்வாளா? தினமும் வெயிலையும் மழையையும் பற்றியே இரண்டு பேர் பேசினால், அந்த வெயிலும் மழையும் வேறு ஏதோ இரண்டு விஷயங்களாகத்தான் இருக்க முடியும். நெருடலாக ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூட அப்பா நிம்மதி அடைந்திருப்பார். இத்தனை சப்பையான பேச்சு அவரை வாட்டியது. முடிவில் இருவரும் 'செவன்ட்டி த்ரீ' என்று சொல்லிக்கொண்டார்கள். அன்று சாப்பிடும்போது அப்பா, "ஏன், நம்ம ரூட்டுல எழுபத்து மூணாம் நம்பர் பஸ்ஸு எதாச்சும் ஓடுதா?" என்று பொதுவாகக் கேட்டார்.

"இல்லீங்களே. ஏனுங்க?"

"சும்மாத்தான்."

ரேடியோக்காரர்கள் விடைபெறும்போது வாழ்த்துச் சொல்கிற எண் அது என்று பல வருஷம் கழித்து யாரோ எனக்குச் சொன்னார்கள். அன்றைக்கே அப்பா அம்மாவிடம் கேட்டிருந்தால் அம்மாவே சொல்லியிருப்பாள்.

மாதக்கணக்கில் இப்படிப் போயிற்று. அப்பா எஸ்டேட்டிலிருந்து சீக்கிரம் கிளம்பி வருவார், தள்ளுவார், உட்காருவார். பேச்சு முடிந்ததும் இறங்கிப் போய், வளைவிலிருந்து வண்டியை முடுக்கிக்கொண்டு, அப்போதுதான் வருகிறவர்போல் வந்து சேருவார். எனக்குப் பயம் குறைந்து, அது ஒரு விளையாட்டுபோல் ஆகிவிட்டது. அப்பாவோடு நான் அவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்திருந்தது அந்த நாட்களில்தான்.

ஒருநாள் தேங்காயெண்ணெய் வாங்க அம்மாவோடு கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் எண்ணெயை அளந்து ஊற்றிக்கொண்டே, மனதார அக்கறையோடு கேட்டார்.

"ஏனுங்க அக்கா, சார் வண்டியில எதாச்சும் ரிப்பேருங்களா? தெனமும் அந்த வளைவுல எறங்கித் தள்ளிக்கிட்டே வர்றாரு. நொம்ப செரமப்படறாருங்க. பெட்ரோல்னா எங்கிட்டயே பாட்டல்ல இருக்குது, ஒரு வார்த்தை கேட்டா குடுத்திருப்பனுங்களே."

அம்மா எண்ணெய்ப் பாட்டிலின் மூடியைத் திருகினாள். அது மூடிய பிறகும் திருகிக்கொண்டே இருந்தாள்.

"தெனமுமாங்க?"

"ஆமாங்க. சாயங்காலம் நாலரைக்கெல்லாம் வந்துருவாருங்க. மறுக்கா எறங்கிப் போயி, வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஏத்திக்கிட்டு வருவாரு. சரி, எதோ எக்சர்சைசுன்னு நெனச்சுக்கிட்டேன்."

"எக்சர்சைசுதானுங்க. டாக்டர் சொல்லியிருக்காரு" என்றாள் அம்மா.

ஏற்றத்தில் திரும்பும்போது அவள் பாதியில் நின்று, "உனக்குத் தெரியுமா கண்ணு?" என்றாள். நான் பக்கத்துக் காப்பிச் செடியில் எத்தனை பழம் சிவந்திருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன். அவள் இரண்டாவது முறை கேட்கவில்லை.

அன்று மாலையும் அவள் தலை வாரிக்கொண்டு உட்கார்ந்தாள். நானும் அப்பாவும் எங்கள் இடத்தில் இருந்தோம். திண்டுக்கல்காரர் குரல் வந்ததும் அம்மா வெயில் மழை எதையும் பேசவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, வாய்ப்பாடு ஒப்பிக்கிறவள்போல் சத்தமாகச் சொன்னாள்:

"வர்ற ஞாயித்துக்கிழமை எங்க ஊட்டுக்கு வாங்க. குடும்பத்தோட வாங்க. எங்க ஊட்டுக்காரரு உங்களப் பாக்கணும்னு ஆசப்படறாரு. ஓவர்."

அப்பாவின் கை என் தோளில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவர் செருப்பைத் தேடினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா இரண்டு முறை சவரம் செய்துகொண்டார். பொங்கலுக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, கை மடிப்பை ஒருமுறை இறக்கி ஒருமுறை ஏற்றினார். கார் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவருக்கு வேட்டிக்கு மேலே நல்ல தொந்தி, தலையில் வழுக்கை, கையில் இரண்டு வாக்கிடாக்கி. திண்டுக்கல்லில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். கூடவே வந்த அவருடைய மனைவி, கொண்டை ஊசி வளைவு அத்தனையிலும் வாந்தி எடுத்துவிட்டு, மூக்கில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. ஓடிப்போய் அவரே சோடா வாங்கிவந்தார்.

விருந்தாளி அம்மாவைச் சரியாக ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. "கம்பி எங்கே?" என்றார். கழுத்தை அண்ணாந்து இரண்டு மரத்தையும் பார்த்தார். "நல்ல உயரம்" என்றார். பிறகு இருவரும் ஹாலில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தினமும் மணிக்கணக்காகப் பேசுகிறவர்களுக்கு நேரில் ஒரு வார்த்தை வரவில்லை. அம்மா முந்தானை நுனியைத் திருகினாள். அவர் காலண்டரைப் படித்தார். கடைசியில் அவர் ஒரு வாக்கிடாக்கியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மற்றொன்றோடு வாசலுக்குப் போய், மரத்தடியில் முதுகைக் காட்டி நின்று, "எப்படிக் கேக்குது? ஓவர்" என்றார். "நல்லாக் கேக்குது" என்று அம்மா உள்ளிருந்து சொன்னாள். அதன் பிறகு அரைமணி நேரம் தங்குதடையில்லாமல் பேசினார்கள். அப்பா இதைப் பார்த்துத் தொடையில் தட்டிச் சிரித்தார். சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் தண்ணீர் வந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா விருந்தாளியைக் குகைக்குள் இருக்கிற சேர்வராயன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். விருந்தாளி குகைக்குள் போகவே இல்லையாம். வெளியே மொட்டைப் பாறையில் நின்று, இங்கே ஒரு கம்பி கட்டினால் எதுவரைக்கும் கேட்கும் என்று கண்கலங்கப் பேசிக்கொண்டிருந்தாராம். அவர் மனைவிக்கு இன்னும் தலை சுற்றியதால் வீட்டிலேயே இருந்துவிட்டார். சமையலறையில் அம்மா பாத்திரம் துலக்க, அவர் கதவில் சாய்ந்து நின்றார்.

"அக்கா, மனசுல ஒண்ணும் வச்சுக்கிறாதீங்க, சொல்லிப்புடுறேன். இந்த மனுஷன் சாயங்காலமானா ஒரு பொம்பளை கூடச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுறாரேன்னு எனக்குத் தூக்கமே இல்லை. கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டேன். துணி காயலங்கிறீங்க, கம்பி தொய்ஞ்சிருச்சுங்கிறீங்க, எனக்கு ஒண்ணுமே புரியலை. நேர்ல பாத்துரணும்னுதான் இந்த வாந்தியையும் பாக்காம வந்தேன்."

அம்மா திரும்பவில்லை. "பாத்தாச்சுங்களா?" என்றாள்.

"பாத்தாச்சுக்கா. இப்பத்தான் நிம்மதியா இருக்கு. நீங்க நல்லவங்களாத்தேன் இருக்கீங்க" என்று அவர் மனம் நிறைந்து சொல்லி, அம்மாவின் தோளைத் தொட்டார். அம்மா குழாயைத் திறந்துவிட்டாள்.

சாயங்காலம் அவர்கள் கிளம்பும்போது அப்பாவும் விருந்தாளியும் பழைய சிநேகிதர்கள்போல் ஆகியிருந்தார்கள். அப்பா காப்பித்தூள் பொட்டலமும் மிளகும் கொடுத்தார். கார் ஜன்னலில் குனிந்து எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்:

"இனிமே எப்ப வேணும்னாலும் பேசுங்க. எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசுங்க. நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

திண்டுக்கல்காரரின் மனைவியும் உள்ளிருந்து தலையை ஆட்டி, "நானும்தான்" என்றார். இருவரும் சிரித்தார்கள். அம்மா வாசற்படியில் நின்று கையாட்டினாள்.

மறுநாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது சிரிப்புச் சத்தம் இல்லை. அம்மா முற்றத்தில் நின்று கம்பியைக் கீழே இறக்கியிருந்தாள். முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவே அதைச் சுற்றிச் சுற்றி வளையமாக்கிக்கொண்டிருந்தாள். கேபிளும் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அப்பொழுது அப்பா வந்தார். பல மாதங்களுக்குப் பிறகு முதல்முறையாக வளைவில் அணைக்காமல், ஏற்றம் முழுக்க எஞ்சின் சத்தத்தோடு, ஹாரனையும் அடித்துக்கொண்டு வந்தார். வண்டியை நிறுத்தியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"எதுக்கு எறக்கிட்ட? நான்தான் பேசச் சொல்லிட்டேனே."

அம்மா சுற்றுவதை நிறுத்தவில்லை. "மழைக்காலம் வருதுங்க. இடி விழுந்துச்சுன்னா ஊட்டுக்கே ஆபத்து."

அப்பா வானத்தைப் பார்க்கவில்லை. "ஆமாமா. அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். அந்த வீட்டைக் காலி செய்கிறவரை அந்தக் கம்பி மறுபடி மரத்தில் ஏறவில்லை. மழைக்காலம் எப்போது முடியும் என்று அப்பா ஒருநாளும் கேட்கவில்லை.

அம்மா கம்பியை இறக்கியது தை மாதத்தில். மலை முழுக்க வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு முந்தின ஐப்பசியில் நிஜமாகவே இடி இடித்தபோதெல்லாம் அம்மா கேபிளை மட்டும் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டாளே தவிர, கம்பியை இறக்கவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. ஆனாலும் அம்மா சொன்னதை நான் முழுக்க நம்பினேன். அந்த வருஷம் அம்மாவைப் பற்றி நான் சந்தேகப்படாத ஒரே விஷயம் அதுதான்.

உடனே கடைக்கு ஓடினேன். கடைக்கார அண்ணன் ரோட்டோரத்தில் தார்ப்பாய் விரித்து மிளகு காயப்போட்டிருந்தார். இடி மழை வரப்போகிறது, எடுத்து வையுங்கள் என்றேன். அவர் நெற்றியில் கையை வைத்து நாலு பக்கமும் வானத்தைப் பார்த்தார். துளி மேகம் இல்லை.

"யாரு கண்ணு சொன்னாங்க?"

"எங்கம்மா."

"அக்கா சொன்னாங்கன்னா சரியாத்தான் இருக்கும். அவங்க படிச்சவங்க" என்று அவர் குனிந்து தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தார். நான் மறுமுனையைப் பிடித்தேன். மிளகை அள்ளி உள்ளே வைத்துவிட்டு, கடைவாசலில் இருவரும் உட்கார்ந்து, இருட்டுகிறவரை மழைக்காகக் காத்திருந்தோம்.